ஜன்னலோரத்தில் இருந்த தட்டு

நீண்ட பதிவு இது. கல்லூரிக் காலத்தில் ஆய்வகப் பதிவேட்டில் ஒருமுறையேனும் ஓர் எண்ணை அடித்துவிட்டு 'வரவேண்டிய' எண்ணை எழுதிய நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். இளநிலையில் இயற்பியல் படித்தபோது அவ்வாறு எழுதியவர்களுள் நானும் ஒருத்தி. பிறகு மொழியியலுக்கு வந்துவிட்டேன் என்பதால் குற்றம் குறைந்துவிடாது.

பொம்மசந்திராவில் நான் குடியிருக்கும் வீட்டின் மேல்தளத்தில் ஓசூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவ்வீட்டுத் தம்பி இவ்வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் படிக்கிறான். சென்ற பருவத்தில் அவனுக்கு வாய்த்த சோதனை, புற ஊதாக் கதிர் ஈஸ்ட்டின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கிறது என்பது. உலகெங்கும் மாணவர்கள் செய்யும் எளிய சோதனைதான். மளிகைக் கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட்டைக் கரைத்துப் படிப்படியாக நீர்த்து, சத்தூட்டிய அகார்த் தட்டுகளில் பரப்ப வேண்டும். மூடியைத் திறந்து, கிருமிநீக்க விளக்கின் கீழ் ஒரு தட்டைப் பத்து நொடி, இன்னொன்றை இருபது, அடுத்ததை நாற்பது என வைத்தெடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து எத்தனை காலனிகள் முளைத்திருக்கின்றன என்று எண்ணினால், நேரம் கூடக்கூட உயிர்பிழைத்தவை குறைந்துகொண்டே வரும். வரைபடத்தில் ஒரு சரிவு. பதிவேட்டில் ஒரு கையொப்பம். அவ்வளவே.

அவன் பதிவேட்டுடன் வந்தது அறிவியல் ஐயத்திற்காக அன்று, ஆங்கில வாக்கியங்களைத் திருத்திக்கொள்வதற்காக. புரட்டியபோது நாற்பது நொடி வரிசையில் ஓர் எண் அடிக்கப்பட்டிருந்தது.

"இது என்ன தம்பி?"

"நாப்பது செகண்டுக்கு ரெண்டு தட்டு வெச்சோம்க்கா. ஒண்ணுல ஏழெட்டுதான் வந்துச்சு. இன்னொண்ணுல நூத்துக்கு மேல. அத அடிச்சிட்டு இத மட்டும் எழுதுன்னு சொல்லிட்டாங்க. கர்வ் கெட்டுப்போகுமாம்."

"ரெண்டு தட்டும் ஒரே இடத்துலயா இருந்துச்சு?"

இல்லை. இன்குபேட்டரில் இடம் போதவில்லை. ஒரு தட்டு அதனுள்ளே இருளில் இருந்தது. மற்றொன்றைக் கதிரூட்டிய கையோடு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். மாலைவரை அது வெயில் வெளிச்சத்திலேயே கிடந்திருக்கிறது.

அடிக்கப்பட்ட அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. எனது முனைவர் ஆய்வு தமிழ் அறிவியல் பாடநூல்களின் கலைச்சொற்களைப் பற்றியது. அதன் பொருட்டு உயிரியல் வரலாற்று நூல்களில் அலைந்தபோதுதான் இந்த ஜன்னலை நானும் முதன்முதலாகச் சந்தித்தேன்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வரி. பொம்மசந்திரா ஈஸ்ட்டுக்கு அந்நியமான இடமன்று. 1978இல் பெங்களூரில் நொதி தயாரிக்கும் சிறு நிறுவனமாகத் தொடங்கிய பயோகானின் பெரிய வளாகம் பொம்மசந்திரா–ஜிகணி இணைப்புச் சாலையில்தான் உள்ளது. அதன் நிறுவனர் கிரண் மஜும்தார் ஷா ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் பீர் வடிக்கும் தொழில்நுட்பம் பயின்றவர், அதாவது ஈஸ்ட்டோடு பழகக் கற்றவர். 2004இல் அந்நிறுவனம் பிக்கியா பாஸ்டோரிஸ் என்னும் ஈஸ்ட்டினத்தைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் தட மெட்ரோவில் வந்திறங்கும் இளைஞர்கள் பலர் ஏதேனும் ஒரு நுண்ணுயிரைப் பேணும் வேலைக்குத்தான் போகிறார்கள். அவர்கள் வேலை பார்க்கும் கூடங்களில் தட்டு எங்கே, எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில் இருந்தது என்பதையெல்லாம் எழுதாமல் எவரும் கையொப்பமிட முடியாது. அதே ஊரின் கல்லூரிப் பதிவேட்டில் அதற்கென ஒரு பத்திகூட இல்லை.

வெயில் நுண்ணுயிரைக் கொல்லும் என்பதை முறைப்படி காட்டியவர்கள் ஆர்தர் டௌன்ஸ், தாமஸ் பிளன்ட் என்னும் இரு ஆங்கிலேயர்கள், ஆண்டு 1877. ஒரே ஊட்டக் கரைசலைச் சில குழாய்களில் வெயிலிலும், சிலவற்றை ஈயத்தகடு சுற்றியும் வைத்தார்கள். மூடியவை கலங்கின, வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன. ஆனால் இன்றைய மாணவர் சோதனையின் உருவத்தைத் தந்தவர் என்று நான் கருதுவது ஹாரி மார்ஷல் வார்டை. இவருக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்புண்டு. 1880 முதல் 1882 வரை இலங்கையில் அரசின் பூஞ்சையியலாளராக இருந்தவர். காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த இலைத்துரு நோயை ஆராய அனுப்பப்பட்டவர். அந்நோய் காற்றில் பரவும் ஸ்போர்களால் வருவது என்றும், ஒரே பயிரை மலை மலையாக நட்டதே அதற்கு வழிவிட்டது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். தோட்டங்கள் பிழைக்கவில்லை. காப்பி போய்த் தேயிலை வந்தது. அதன்பின் மலையகத் தமிழரின் வரலாறு வேறு வழியில் சென்றது. அது தனிப் பதிவுக்குரியது.

இங்கிலாந்து திரும்பிய வார்ட், இந்திய வனத்துறைக்கு அதிகாரிகளைப் பயிற்றுவித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். 1892இல் இஞ்சி பீர் நொதிக்கும் 'செடி' என்று மக்கள் அழைத்த கட்டியை ஆராய்ந்து, அது செடியன்று, ஓர் ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்று நிறுவினார். அதே ஆண்டுகளில் ஆந்த்ராக்ஸ் ஸ்போர்களை அகாரில் பரப்பி, தட்டின் மேல் எழுத்து வடிவில் வெட்டிய மறைப்பை வைத்து வெயிலில் காட்டினார். ஒளி பட்ட இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. மறைந்திருந்த இடத்தில் அடர்ந்து முளைத்தது. அடைகாத்து எடுத்தபோது தட்டின் நடுவே எழுத்து தெளிவாகத் தெரிந்தது. நிறமாலையின் சிவப்புப் பக்கம் கொல்வதில்லை, நீலமும் ஊதாவும் அதற்கப்பாலும்தான் கொல்கின்றன என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் தட்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, மறுபாதியை விளக்கில் காட்டுவது வார்டின் வழிமுறையேயாகும். ஓர் உயிர் எழுத்தாக முளைக்கும் காட்சி மொழியியல்காரிக்கு உவப்பானது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஈஸ்ட்டும் புற ஊதாவும் இரண்டு வெவ்வேறு கதைகளில் சந்தித்தன. ஒன்று மருந்துக் கதை. 1924இல் அமெரிக்காவின் ஹாரி ஸ்டீன்பாக், உணவைப் புற ஊதாக் கதிரில் காட்டினால் அது குழந்தைகளின் என்புருக்கி நோயைத் தடுக்கும் ஆற்றல் பெறுகிறது என்று கண்டார். கதிரால் மாறும் பொருள் எர்கோஸ்டெரால் என்பது 1927இல் தெரியவந்தது. அது ஈஸ்ட்டில் நிறைய உண்டு. ஆகவே கதிரூட்டிய ஈஸ்ட்டைப் பசுக்களுக்குத் தீவனமாக்கி, வைட்டமின் டி மிகுந்த பாலைக் கறந்தார்கள். புற ஊதாவால் செறிவூட்டிய ரொட்டி ஈஸ்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அனுமதி அளித்தது. ஆக, புற ஊதா ஈஸ்ட்டுக்கு என்ன செய்கிறது என்ற வினாவுக்குக் 'கொல்கிறது' என்பது ஒரு விடை மட்டுமே.

மற்றது கதிர்வீச்சு உயிரியலின் கதை. 1934இல் ராபர்ட் ஆஸ்டர், அலைநீளம் வாரியாகப் பிரித்த புற ஊதாவை ஈஸ்ட்டின் மேல் செலுத்தி, செல்லின் உருவமும் சுவாசமும் பிழைப்பும் எவ்வாறு மாறுகின்றன என்று அளந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஃபிரெடெரிக் கேட்ஸ், பாக்டீரியாவை மிகுதியாகக் கொல்லும் அலைநீளங்களும் நியூக்ளிக் அமிலம் மிகுதியாக உறிஞ்சும் அலைநீளங்களும் ஒத்துப்போவதைக் கவனித்திருந்தார். மரபுப் பொருள் புரதம் என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. கேட்ஸின் வரைகோடு வேறொன்றைச் சொல்லியது. கேட்க ஆளில்லை.

இனி ஜன்னலுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் நியூயார்க்குக்கு அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர் பணியாற்றினார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்னும் மண்வாழ் நுண்ணுயிரைப் புற ஊதாவில் காட்டி, திடீர்மாற்றம் அடைந்தவற்றுள் புதிய நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தேடுவது அவர் வேலை. எத்தனை ஸ்போர்கள் பிழைக்கின்றன என்பது அவருக்கு ஒரு துணைக் கணக்கு மட்டுமே. அந்தத் துணைக் கணக்குதான் ஒத்துவர மறுத்தது. அதே அளவு கதிர், அதே கரைசல், அதே ஆள். ஆயினும் ஒருநாள் சில, மறுநாள் பல்லாயிரம்.

நம் கல்லூரி ஆய்வகமாக இருந்திருந்தால் ஓர் எண்ணை அடித்திருப்போம். கெல்னர் முதலில் வெப்பநிலையைச் சந்தேகித்தார். கதிரூட்டிய ஸ்போர்களை எந்தச் சூட்டில் வைத்திருந்தோம் என்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று எண்ணி, அதைக் கட்டுப்படுத்தி மீண்டும் மீண்டும் செய்தார். வேறுபாடு போகவில்லை. வெப்பத்தைக் கட்டுப்படுத்த அவர் பயன்படுத்தியது கண்ணாடி முகப்புடைய ஒரு நீர்த்தொட்டி. அது ஜன்னலுக்கருகே ஒரு மேசைமேல் இருந்தது. அதனுள் தொங்கிய குப்பிகளுள் சிலவற்றின் மேல் வெளிச்சம் அதிகம் விழுந்தது, சிலவற்றின் மேல் குறைவாக. அவர் கண்ணில் பட்டது அதுதான். ஒரு பகுதியை இருளிலும் ஒரு பகுதியை ஒளியிலும் வைத்துப் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது. கட்புலனாகும் ஒளி பட்டவை மீண்டெழுந்தன, இருளில் இருந்தவை மாண்டன. 1949இல் கட்டுரை வெளியாயிற்று.

அதே காலத்தில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சால்வடோர் லூரியாவின் ஆய்வகத்தில் ரெனாட்டோ டல்பெக்கோ, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைப் புற ஊதாவில் காட்டிக்கொண்டிருந்தார். அடுக்கி வைத்த தட்டுகளில் மேலே குழல்விளக்கின் ஒளி பட்டவற்றில் வைரஸ்கள் மிகுதியாகப் பிழைத்திருந்தன, கீழே நிழலில் இருந்தவற்றில் குறைவு. அடுக்கின் வரிசையைக் கவனித்த கண்ணுக்குக் காரணம் கிடைத்தது.

இருவருக்கும் முன்பே, 1933இல், ஜெர்மனியில் ஹௌஸரும் ஃபோன் ஓம்கேயும் வாழைப்பழத் தோலைப் புற ஊதாவில் காட்டினார்கள். தோல் பழுப்பேறியது. ஆனால் கதிரூட்டியபின் சாதாரண ஒளியைக் காட்டினால் பழுப்பேறுவது தடைப்பட்டது. பதினைந்து ஆண்டுகளாக அச்செய்தி ஒரு மருத்துவ இதழில் கிடந்தது. வாழைத்தோலில் கிடைத்த செய்தியும் நுண்ணுயிரில் கிடைத்த செய்தியும் ஒன்றே என்று சொல்ல எவருமில்லை. அறிவியலில் ஒரு செய்தி முதலில் கண்ணில் படுவதற்கும், அது கண்டுபிடிப்பாக எண்ணப்படுவதற்கும் இடையிலுள்ள தொலைவு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. சொற்களின் வரலாற்றிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு சொல் ஒரு கல்வெட்டின் மூலையில் நூற்றாண்டுகள் கிடக்கும். வாசிப்பவர் வந்த பிறகே அதற்கு வயது கணக்கிடப்படும்.

இதே பத்தாண்டில் பெங்களூரிலும் ஈஸ்ட் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். இந்திய அறிவியல் கழகத்தில் எம்.கே. சுப்ரமணியம் செல்மரபியல் ஆய்வகத்தில் ஈஸ்ட்டின் குரோமோசோம்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வேதிப்பொருள்களால் அவற்றின் தொகுதியை இரட்டிப்பாக்க முயன்றார். இவ்வூரிலிருந்தே வெளிவரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் அவர் கட்டுரைகள் வந்தன. ஈஸ்ட்டின் குரோமோசோம்கள் ஒளி நுண்ணோக்கியில் ஐயமின்றி எண்ணமுடியாத அளவுக்குச் சிறியவை. அவை பதினாறு என்ற இன்றைய கணக்கு மரபியல் வரைபடங்களாலும் ஜெல் பிரிப்பாலும் பின்னாளில் உறுதியானது. 1996இல் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது. கருவி இடங்கொடாத இடத்தில் கண்ணை நம்பி உழைத்தவர்களை நான் எள்ளமாட்டேன். பீர் வடிப்போர்க்கும் ரொட்டிக் கடைக்காரர்க்கும் உரியதாக எண்ணப்பட்ட ஓர் உயிரை மரபியலின் உயிராக நடத்தலாம் என்ற துணிவு 1940களின் பெங்களூரில் இருந்தது. அதைப் பற்றிப் பெங்களூர்க் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் வகுப்புகளில் ஒரு வரியும் சொல்லப்படுவதில்லை.

கெல்னர் கண்டது என்ன என்பதை விளக்க மீண்டும் ஈஸ்ட்டே வந்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளாட் ரூபர்ட், 1950களின் இறுதியில், புற ஊதாவால் சிதைந்த டி.என்.ஏ.யை உயிருள்ள செல்லுக்கு வெளியே, சோதனைக் குழாயிலேயே ஒளியால் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தார். வெறும் டி.என்.ஏ.வும் ஒளியும் போதவில்லை. செல்லின் சாறு ஒன்று தேவைப்பட்டது. முதலில் பாக்டீரியாச் சாறு. அடுத்து ரொட்டி ஈஸ்ட்டின் சாறு. இதிலிருந்த நொதி மேலும் கையாளத்தக்கதாக இருந்தது. 1960இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் நாயகன் ரொட்டி ஈஸ்ட்தான். தம்பியின் கல்லூரி வாங்கிய அதே இனம்.

வேலை நடக்கும் விதம் எளிது. டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இரண்டு தைமின்கள் இருந்தால், 254 நானோமீட்டர் புற ஊதா அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அவ்விடத்தில் இழையைப் படியெடுக்க முடியாது. செல் பிரிய முடியாமல் நின்றுவிடும். ஃபோட்டோலையேஸ் எனப்படும் இந்நொதி ஒட்டிய இடத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும். பற்றுவதற்கு ஒளி வேண்டாம், இருளிலேயே பற்றும். அவிழ்ப்பதற்குத்தான் ஒளி வேண்டும். ஏறத்தாழ 350 முதல் 450 நானோமீட்டர் வரையுள்ள ஒளியின் ஒரு துகளை வாங்கி, ஒட்டை அவிழ்த்து, இழையைப் பழையபடி விட்டு விலகும். இருட்டில் வைத்த தட்டில் நொதி காயத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கல்லூரி ஜன்னலின் கண்ணாடியோ வெயிலில் உள்ள கொல்லும் பகுதியான புற ஊதா-பியைப் பெரும்பாலும் தடுத்து, ஆற்றும் பகுதியான நீலத்தையும் புற ஊதா-ஏயையும் உள்ளே விடுகிறது. இதைவிடப் பொருத்தமான மருத்துவமனையை அந்தத் தட்டுக்கு எவரும் திட்டமிட்டுக் கட்டியிருக்க முடியாது.

மனிதருக்கு இந்நொதி இல்லை. கருப்பையில் தொப்புள்கொடியோடு குட்டியை வளர்க்கும் பாலூட்டிகள் அனைத்தும் இதை இழந்துவிட்டன. கங்காருவின் கூட்டத்தாருக்கு இன்னும் இருக்கிறது. நமக்கிருப்பது சிதைந்த துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும் வழிமுறை. அதுவும் பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் வெயிலில் நடமாட முடியாது. தோல் புற்றுநோய் சிறு வயதிலேயே வரும். ஜெரோடெர்மா பிக்மென்டோசம் எனப்படும் அந்நோயின் காரணம் இந்தப் பழுதே என்று 1968இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். அந்நோயில் பழுதாகும் மனித மரபணுக்களுள் ஒன்றுக்கு ஈஸ்ட்டில் நேர் இணை உண்டு. அதன் பெயர் ராட்-1. ரூபர்ட்டிடம் முனைவர் பட்டம் பெற்ற துருக்கியரான அஸீஸ் சன்ஜார், ஃபோட்டோலையேஸ் மரபணுவைப் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்துத் தொடங்கிய பாதையில் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ராட்-1 என்ற பெயரிடம் சற்று நிற்கிறேன், தொழில் பழக்கம். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் புற ஊதாவுக்கு எளிதில் பலியாகும் ஈஸ்ட் வகைகளைப் பலர் பிரித்தெடுத்தார்கள். காக்ஸும் பாரியும் 1968இல் ஒரு பெரிய தொகுதியை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் தத்தம் பெயரிட்டதால் குழப்பம் மிஞ்சியது. பின்னர் கூடி ஓர் ஒழுங்கு செய்தார்கள். புற ஊதாவுக்குப் பலவீனமானவை 1 முதல் 49 வரை, எக்ஸ்-கதிர் போன்றவற்றுக்குப் பலவீனமானவை 50 முதல். இதனுடன் ஓர் எழுத்து வழக்கும் உண்டு. நலமான மரபணுவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுவர், பழுதானதைச் சிறிய எழுத்தில். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. ஆகவே 'ராட்-1' என்று தமிழில் எழுதினால் நலமா பழுதா என்பதை எழுத்து சொல்லாது. ஒரு அடைமொழி சேர்த்தாக வேண்டும். நம் பாடநூல்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சொற்களில் நமக்குக் குறையொன்றும் இல்லை. எனினும் கடலுக்கு இப்புறம் ஒன்றும் அப்புறம் ஒன்றுமாக வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் ஈஸ்ட், நொதி, புற ஊதாக் கதிர். இலங்கையில் மதுவம், நொதியம், கழியூதாக் கதிர். யாழ்ப்பாணத்து மாணவி இதே சோதனையை 'மதுவத்தின் வளர்ச்சியில் கழியூதாக் கதிர்களின் விளைவு' என்று எழுதுவாள். ஓசூர் மாணவன் ஒருமுறை தயங்கியே வாசிப்பான். 'என்சைம்' என்ற சொல்லை 1870களில் வில்ஹெல்ம் கூனே ஆக்கியபோது, கிரேக்கத்தில் அதற்குப் 'புளிமாவினுள் இருப்பது' என்று பொருள். நொதித்தலையும் நொதியையும் ஒரே வேரிலிருந்து எடுத்த தமிழ்ச் சொல்லாக்கம் அந்த உறவைப் பிசகாமல் காத்திருக்கிறது.

மாணவர் சோதனைக்குத் திரும்புகிறேன். இருளும் ஒளியும் இதில் எவ்வளவு முக்கியம் என்பதைப் பாடமாகவே ஆக்கியவர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் மேனி. அவர் பள்ளிகளுக்கெனப் பரப்பிய ஈஸ்ட் வகை ஒன்றில் மூன்று மரபணுக்கள் பழுதாக்கப்பட்டிருக்கும். வெட்டி நிரப்பும் ராட்-1, இழை படியெடுக்கப்படும்போது உதவும் ராட்-18, ஒளியால் அவிழ்க்கும் ஃபோட்டோலையேஸ். மூன்று வேலிகளும் இல்லாத வயல். சிறப்பு விளக்கு வேண்டாம், வெறும் வெயிலே அதைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். ஆகவே பிள்ளைகள் தட்டின் மேல் குளிர்கண்ணாடியையோ, வெயில்காப்புக் களிம்பு பூசிய தாளையோ வைத்து, எது உண்மையில் காக்கிறது என்று பார்க்கலாம். வார்டின் எழுத்துத் தட்டு நூறு ஆண்டு கழித்துக் களிம்புத் தட்டாக வந்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் பெங்களூரில் அச்சோதனை எவ்வளவு விரைவில் முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் தம்பியிடம் ஒரே மாலையில் சொல்லிவிடவில்லை. சொன்னபோதும் ஓர் எச்சரிக்கை சேர்த்தேன். ஜன்னல் தட்டில் நூறு முளைத்ததற்கு ஒளிதான் காரணம் என்று ஒரு தட்டை வைத்துச் சொல்ல முடியாது. விளக்கின் கீழ் அது ஓரமாக இருந்திருக்கலாம். மூடியைத் திறக்க மறந்திருக்கலாம். நெகிழி மூடியும் கண்ணாடி மூடியும் 254 நானோமீட்டரை உள்ளே விடாது என்பதால், இச்சோதனையில் மாணவர் செய்யும் முதற்பிழை அதுவே. அடித்த எண் சரியான எண் என்பதன்று என் வாதம். அதை அடிப்பதற்குக் காரணம் ஏதும் காட்டப்படவில்லை என்பதுதான். கெல்னரின் மேசையிலும் முதலில் இருந்தது ஒத்துவராத எண் மட்டுமே.

அவன் துறையில் கேட்டு ஒரு சனிக்கிழமை வாங்கினான். ஆறு தட்டுகள், ஒரே கரைசல், விளக்கின் கீழ் ஒரே இடம், எல்லாவற்றுக்கும் நாற்பது நொடி. மூன்றை அலுமினியத் தாளில் சுற்றியும் மூன்றைச் சுற்றாமலும் அதே ஜன்னல் திண்டில் அருகருகே வைத்தான். திங்களன்று காலை அலைபேசியில் படம் அனுப்பினான். சுற்றியவை மூன்றும் ஏறத்தாழ வெறுமையாக இருந்தன. சுற்றாதவற்றில் இரண்டு நிறைய முளைத்திருந்தன. மூன்றாவதைப் பூசணம் பிடித்துக்கொண்டது. "அதையும் எழுதட்டுமாக்கா?" என்று கீழே கேட்டிருந்தான். எழுது என்றேன்.

கையொப்பமிடப்பட்ட பதிவேட்டின் பக்கத்தை மாற்ற இயலாதாம். அடித்த எண் அடித்தபடியே இருக்கிறது. அதன் ஓரத்தில் பென்சிலால் 'ஜன்னல்' என்று எழுதி, கீழே சனிக்கிழமையின் தேதியைப் போட்டிருக்கிறான்.